எந்தப் புள்ளியில் நின்றது?

குலசேகரத்தில் ரப்பர் கொள்முதல் செய்யும் கடை ஒன்றுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். ரப்பர் பாலின் எடையையும், மெட்ரோலாக் என்ற அளவுகருவி காட்டும் டி.ஆர்.சி.யையும் (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) கொடுத்தால் உலர் ரப்பர் அளவும் விலையும் வந்துவிடும். 40 கிலோ பால், டி.ஆர்.சி. 32 சதவீதம் என்றால் 12.8 கிலோ.

ஒரு நாள் காலையில் புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றினேன். மென்பொருள் திறக்கவே இல்லை. 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்', அதாவது தேவைப்பட்ட நிரல் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை. நாகர்கோவிலில் என் விண்டோஸ் லேப்டாப்பில் முந்தின இரவுவரை ஒழுங்காக ஓடியது அதுதான்.

"தம்பி, பால் கேன்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். தாளில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"எழுதுங்கள் அண்ணாச்சி, நான் பிறகு ஏற்றிவிடுகிறேன்."

பதற்றத்தில் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (இந்த மென்பொருளுக்கென்று தனியாக வைத்த பைத்தான் அமைப்பை) அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். பைத்தான் தேடும் பாதைகளின் பட்டியலில் இன்னொரு பாதையையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். காரணம் தெரியாமல் பாதை சேர்ப்பது பெரிய தவறு. உண்மையான பிழை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சேர்த்த வரியை உடனே நீக்கினேன்.

பிறகுதான் பிழைச் செய்தியின் கடைசி வரியை நிதானமாக வாசித்தேன். நிரல் கோப்புகள் இருக்கும் 'பில்லிங்' கோப்புறையே இல்லை என்று அது சொல்லவில்லை. 'பில்லிங்', புள்ளி, 'லேட்டக்ஸ்' இல்லை என்றது. அப்படியானால் முதல் கோப்புறை கிடைத்திருக்கிறது, புள்ளிக்கு அடுத்ததுதான் கிடைக்கவில்லை. சர்வரில் பைத்தானைத் திறந்து 'பில்லிங்'கை மட்டும் இம்போர்ட் செய்தேன் (உள்ளே அழைத்தேன்), வந்தது. அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்டு, அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பார்த்தேன். 'லேட்டக்ஸ்' அங்கேயே இருந்தது, ஆனால் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக!

முந்தின வாரம் லேப்டாப்பில் அதைச் சின்ன எழுத்தாக மாற்றியிருந்தேன். கோப்புப் பெயர்களில் விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' (Git) என்ற மென்பொருளும் அங்கே அப்படியே நடந்துகொள்வதால் பெயர் மாறியதை அது பதிவு செய்யவில்லை. லினக்ஸ் சர்வருக்குப் பழைய பெயரே போயிருக்கிறது. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

கிட்டின் 'மூவ்' கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், அதிலிருந்து சின்ன எழுத்துப் பெயருக்கும் மாற்றி கமிட் (பதிவு) செய்தேன். சர்வரில் இறக்கி, சர்வீஸை மறுபடி தொடங்கியதும் பில் திரை திறந்தது. தாளில் இருந்ததையெல்லாம் மதியத்துக்குள் ஏற்றிவிட்டேன்.

அன்றிரவு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரானில் ஓடும் தினசரி ரிப்போர்ட்டும் நின்றது. இந்த முறை 'பில்லிங்' என்ற முதல் பெயரே இல்லை என்றது செய்தி. புள்ளிவரை கூடப் போகவில்லை என்றால் தேடத் தொடங்கிய இடமே தவறு. நான் கையால் ஓட்டும்போது புராஜெக்ட் கோப்புறைக்குள் நின்று ஓட்டுவேன்; கிரான் ஹோம் கோப்புறையிலிருந்து ஓட்டுகிறது. கிரான் வரியில் முதலில் புராஜெக்ட் கோப்புறைக்குப் போகச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ரிப்போர்ட் வந்தது.