மலையிறங்கும் காலுக்கு ஏற்ற காலுறை

சென்ற யாத்திரைப் பருவத்தில் சிவனொளிபாத மலைக்குப் போய் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்கு இறங்கி வந்து சேர்வதற்குள் என் இரு குதிக்கால்களிலும் வலது சுண்டுவிரலிலும் கொப்புளங்கள் எழுந்துவிட்டன. திருகோணமலைக்குத் திரும்பும் வழியெல்லாம் சப்பாத்தையே திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு விறாந்தையில் அமர்ந்து காலுறையைப் புறம் திருப்பிப் பார்த்தபோதுதான், விரல்களுக்கு மேலே குறுக்காக ஓடிய தடித்த தையல், சுண்டுவிரலில் சிவந்திருந்த கோட்டோடு அப்படியே பொருந்துவதைக் கண்டேன்.

அது மத்திய வீதியில் வாங்கிய தடித்த பருத்திக் காலுறை. "தம்பி, சுத்தப் பருத்தி, காலுக்குக் குளிர்மை" என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் கந்தோருக்குப் போய்வர அது போதும். மலையில்தான் அது காலை வாரிவிடுகிறது.

தோலின் மேற்பரப்பு தேய்வதால் கொப்புளம் வருகிறது என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில், அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே எலும்பு நகர, வெளியே தோலைக் காலுறை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பதால், இடையில் அகப்பட்ட தோலின் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் ஈரலித்த தோல் உலர்ந்த தோலைவிடக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும். பருத்தியோ வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 5,000க்கும் மேற்பட்ட படிகளில் இந்த இழுபறி எத்தனை முறை நடந்திருக்கும்!

பொலியெஸ்டரும் நைலோனும் கலந்த காலுறையொன்றைப் பழைய பருத்திக் காலுறையோடு நனைத்துப் பிழிந்து, ஒரு பின்னேரம் கொடியில் போட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் முன்னையது உலர்ந்திருந்தது. பருத்தியின் விரற்பகுதியைத் தொட்டபோது இன்னும் சில்லென்றிருந்தது. மெரினோ என்னும் செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி இன்னும் நல்லது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொண்டும் கையில் நனைந்ததாகத் தெரியாத நூல் அது. திருகோணமலை வெயிலில் கம்பளியா என்று வீட்டில் சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த சோடியோடு கன்னியா வரை நடந்து வந்த பிறகு நான் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை.

நூலைவிட அளவையே நான் இப்போது முதலில் பார்க்கிறேன். எல்லாக் காலுக்கும் ஒரே அளவென்று விற்கும் காலுறையில் குதிக்கால் வளைவு கணுக்காலுக்கு மேலே ஏறிநின்றால், மிஞ்சிய துணி பாதத்தின் கீழ் மடிந்து, நடக்கும்போது கயிறுபோல் உறுத்தும். விரல்தையல் தட்டையாக இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்காவிட்டால் புறம் திருப்பி அணிந்துகொள்ளலாம், பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி. மெல்லிய நைலோன் காலுறையின் மேல் இன்னொன்றை அணிவதும் உதவும். உரசல் தோலில் நிகழாமல் இரு துணிகளுக்கிடையில் நிகழ்ந்துவிடும். ஆனால் சப்பாத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், இல்லையேல் விரல்கள் நெரிபடும். நம்மூர்க்காரருக்கு இன்னொன்றும் உண்டு: நிலாவெளிக் கடற்கரையில் நடைபழகிய காலுறையைத் துவைத்தாலும் மணல் பின்னலுக்குள் ஒளிந்திருக்கும், ஆகவே அதை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

அன்று நான் செய்த பெரிய பிழை உச்சியில்தான் நடந்தது. 2,243 மீற்றர் உயரத்தில், விடியலுக்கு முன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிருக்கு அஞ்சிக் காலுறையோடு பனியீரத் தரையில் நடந்து கும்பிட்டுவிட்டு, அதே ஈரத்தோடு சப்பாத்தை மாட்டி இறங்கினேன். இறக்கத்தில் கால் முன்னோக்கி வழுக்குவதால் விரல்களும் அடிபடத் தொடங்கின. வருகிற பருவத்துக்கு இரண்டாவது சோடியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன். வெறுங்காலோடு கும்பிட்டு, துவாயால் விரலிடுக்குகளைத் துடைத்த பிறகே அதை அணிவேன்.