செவலையும் வாசற்கதவும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காசிமேட்டில் வலைக் குவியலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த நாய் செவலையைத் தண்டையார்பேட்டைக்குத் தூக்கி வந்து இன்றோடு இரண்டு மாதம். எங்களிடம் வாலாட்டுகிறாள். ஆனால் எங்கள் வீட்டில் படி இறங்கினால் தெரு. தண்ணீர் கேன் போடும் தம்பி "அக்கா!" என்று குரல் கொடுத்ததுமே கட்டிலடிக்கு ஓடிவிடுகிறாள். பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைதான் நாய்க்குட்டி புது ஆட்களோடு சுலபமாகப் பழகும். அந்த வயதில் இவளைத் தொட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 8, புதன்

பெரியப்பா வந்தார். "நான் பாக்காத நாயா?" என்று குனிந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, தலையில் கை வைக்கப் போனார். செவலை உதட்டை நக்கினாள். கொட்டாவி விட்டாள். முகத்தைத் திருப்பினாள். மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், எங்களுக்குத்தான் கேட்கவில்லை. பிறகு உறுமினாள். அம்மா அதட்டப் போக, நான் தடுத்தேன். உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய், அடுத்த முறை சொல்லாமலே கடித்துவிடும்.

ஜனவரி 11, சனி

உள்ளறை மூலையில் அம்மாவின் பழைய சேலையை விரித்தோம். அது அவள் இடம்; அங்கே யாரும் போகக் கூடாது. கேன் தம்பியிடம் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைக் கொடுத்து, "அவளப் பாக்காதப்பா, கூப்பிடாத. அவளுக்குப் பின்னாடி தூக்கிப் போடு" என்றேன். கையில் நீட்டினால் ஆசையில் கிட்டே வருவாள், தின்று முடித்ததும் அந்நிய முகத்தைப் பார்த்து மிரளுவாள். பின்னால் விழுந்தால் விலகிப் போய் நிம்மதியாகத் தின்னலாம். மூன்றாவது துண்டுக்குக் கட்டிலடியிலிருந்து தலை வெளியே வந்தது.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியுமுன்பே தெருவெல்லாம் மேளம், புகை. குளியலறையில் நடுங்கினாள். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். என் மடிக்கு அவளாகவே வந்தாள், தடவிக்கொண்டே இருந்தேன். இன்று பயிற்சி இல்லை.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். அத்தை வீட்டிலிருந்து ஐந்து பேர். முதலில் அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் மாடிக்குப் போன பிறகு திறந்தேன். அத்தை மட்டும் தரையில், அவள் பக்கம் திரும்பாமல், என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். செவலை மெல்ல வந்து அத்தையின் முந்தானையை மோந்தாள். அத்தை கையை அசைக்கவே இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

மோந்துவிட்டுத் தன் சேலைக்கே போய்ப் படுத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.