ஏ13-இல் ஓடிக்கொண்டே சுடுவது கைவந்துவிட்டது!

வார் தண்டர் என்ற போர் வீடியோ கேமில், துனிசியா மேப்பில், ரியலிஸ்டிக் மோடில், வண்டியை நிறுத்தாமலேயே ஒரு ஜெர்மன் பான்சர் 3 டாங்கியை முடித்துவிட்டேன். ஏ13 மார்க் 1 என்ற பிரிட்டிஷ் டாங்கியை எடுத்ததிலிருந்து இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

14 டன் வண்டிக்கு 340 குதிரைத்திறன் லிபர்டி எஞ்சின், அமெரிக்கர் கிறிஸ்டி வடிவமைத்த சஸ்பென்ஷன். பறக்கும். ஆனால் கவசம் வெறும் 14 மி.மீ. பான்சர் 2-இன் 20 மி.மீ. பீரங்கியே சல்லடையாக்கிவிடும். நின்றால் போச்சு.

நிஜ வண்டியில் 2 பவுண்டர் பீரங்கியை கன்னர் தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பாலேயே ஏற்றி இறக்குவார். ஓடும்போதே சுட வேண்டும் என்பதுதான் அன்றைய பிரிட்டிஷ் பயிற்சி. கேமிலும் அந்தத் தோள் பிடிமானம் உண்டு. முழு வேகத்தில் அதை நம்பக் கூடாது, குறி துள்ளிக்கொண்டே இருக்கும். எதிரி தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். வண்டி தானாக உருண்டு வேகம் குறையும்போது ஒரு கட்டத்தில் குறி அப்படியே படிந்து நிற்கும். அந்த நொடியில் சுட வேண்டும். அதுவரை இடம் வலம் திருப்பவே கூடாது. பிடிமானம் மேல் கீழ் அசைவுக்கு மட்டும்தான்.

அடுத்து, எங்கே அடிப்பது? நம் குண்டு திட இரும்பு, உள்ளே போய் வெடிக்காது. அதனால் ஆளைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். பான்சர் 3 நேருக்கு நேர் நின்றால், பீரங்கிக்கு வலப்பக்கம் நமக்குத் தெரியும் டரட் (பீரங்கி இருக்கும் சுழலும் கூண்டு) கன்னத்தில் முதல் குண்டு. அங்கேதான் அவர்களுடைய கன்னர். இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவதற்குள் அடுத்த குண்டு டிரைவருக்கு. அப்புறம் அவசரமே இல்லை.

சோவியத் டாங்கியான பிடி-5 வைத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. அதுவும் கிறிஸ்டி வம்சம்தான். 1936-இல் சோவியத் போர்ப்பயிற்சியில் பிடி வண்டிகள் ஓடியதை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மார்டெல் பார்த்த பிறகுதான் பிரிட்டன் கிறிஸ்டியிடமிருந்து ஒரு வண்டி வாங்கி ஏ13-ஐ உருவாக்கியது. ஆனால் பிடி-5-இன் 45 மி.மீ. குண்டு உள்ளே போய் வெடிக்கும். ஒரே அடியில் ஆட்டம் முடிந்துவிடும்.

பீரங்கியை ஏற்றி இறக்குவதற்கான எலிவேஷன் மெக்கானிசம் என்ற கேம் மேம்பாட்டை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் மனசு இன்னொரு பிரிட்டிஷ் டாங்கியான குரூசேடர் 3-க்கு ஓடுகிறது, பீரங்கி 6 பவுண்டர் ஆயிற்றே! மவுஸ் சென்சிடிவிட்டியையும் இன்னும் குறைத்துப் பார்க்க வேண்டும். பெரிய துணி மவுஸ்பேட் போட்டதிலிருந்து தூரத்துக் குறி நன்றாகவே நிற்கிறது.