தண்ணியில்லாக் காட்டு ஸ்லாட்

அரசாங்க ஆபீஸில் ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். டி.வி. சேனலிலும் நிகழ்ச்சிகளை அப்படித்தான் செய்வோம். நான் பதினோரு வருடம் ஒரு தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனலில் அட்டவணை போடுகிற வேலை பார்த்தேன். மாற்றல் உத்தரவெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் டைப் ஆகும்.

அந்த அட்டவணைக்கு எஃப்.பி.சி. என்று பெயர், ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட். ஒரு நாளைக்கு 48 அரைமணி நேரம், வாரத்துக்கு 336 கட்டங்கள். சீரியல் மஞ்சள், சினிமா நீலம், காசு கொடுத்து நேரம் வாங்குகிற லேகிய டாக்டர்களும் ஜோசியர்களும் ரோஸ். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் மாறாத விதி. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு விதி கிடையாது.

வியாழக்கிழமை எங்களுக்குத் தேர்வு முடிவு வரும் நாள். சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தின் ரேட்டிங்கை, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு அன்றைக்குத்தான் வெளியிடும். 2020 வாக்கில் நாடு முழுவதும் ஏறக்குறைய 20 கோடி டி.வி. வீடுகள். அதில் சுமார் 44,000 வீடுகளில், எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்கிற மீட்டர். இரவு எட்டு மணி சீரியலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு நம்பகமானது. காலை ஏழு மணிக்கு வருகிற சின்ன நிகழ்ச்சிக்கு, நாலு வீட்டில் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டால்கூட எண் தலைகீழாகிவிடும். இது கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வோம்.

எங்களிடம் கைத்தொழில்காரர்களைப் பற்றி ஒரு அரைமணி நிகழ்ச்சி இருந்தது. திண்டுக்கல் பூட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, இப்படி வாரம் ஒரு ஊர். தயாரிப்பாளர், கேமராமேன், உதவியாளர், டிரைவர் என்று மொத்தமே நாலு பேர். தயாரிப்பாளரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒளிபரப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. பெரிய ரேட்டிங் ஒன்றும் இல்லை. ஆனால் வாராவாரம் அதே அளவுக்கு ஆள் இருந்தது.

முதலில் ஒரு ரோஸ் கட்டம் வந்தது. மூட்டு வலித் தைலக்காரர் ஞாயிறு பத்து மணிதான் வேண்டும் என்றார், நல்ல விலையும் கொடுத்தார். நிகழ்ச்சியை எட்டரைக்குத் தள்ளினேன். நாலு மாதம் கழித்துக் குழந்தைகள் போட்டி நிகழ்ச்சி ஒன்றுக்கு எட்டரை தேவைப்பட்டது. இது சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனது. அப்புறம் ஆறரை. ஒவ்வொரு முறையும் நேரம் மாறியதைச் சொல்ல ப்ரோமோ போட வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 12 நிமிடம்தான். அதில் சொந்த ப்ரோமோவுக்கு இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் மாமியார்களும் போலீஸ் மாப்பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள். ஆக, நேரம் மாறியது அந்த நாலு பேருக்கும் எனக்கும் எக்ஸெல் ஷீட்டுக்கும்தான் தெரியும்.

ஆறரைக்கு மாற்றிய அன்று அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, சனிக்கிழமை ஆறரைக்கு யாருய்யா எந்திரிச்சிருப்பா?"

"பால்காரர் பார்ப்பாருண்ணே" என்றேன்.

"பால்காரர் வீட்ல மீட்டர் இருக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த மூன்றாவது வியாழக்கிழமை, "ஆளே பார்க்கலையே, இதை ஏன் வெச்சிருக்கோம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது நான் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பத்து மணியில் இருந்தபோது ஆள் பார்த்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். பழைய தாள்கள் என்னிடம்தான் இருந்தன.

சீரியலை நிறுத்துவது வேறு கதை. அதற்குக் கத்த ஆள் உண்டு: நாயகி, ஸ்பான்சர், ரசிகர்கள். கதாசிரியருக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுப்போம். மூன்று வருடம் விஷம் வைத்துக்கொண்டிருந்த சித்தி பன்னிரண்டு எபிசோடில் திருந்தி, கோயில் வாசலில் குரூப் போட்டோ எடுத்து, சுபம். செலவைச் சுருக்க வேண்டும், நிறுத்தவும் மனசில்லை என்றால் மகா சங்கமம். இரண்டு சீரியல் குடும்பங்களை ஒரே திருவிழாவில் சந்திக்க வைத்தால் ஒரே செட்டில் ஒரு மணி நேரம் தேறும். சின்ன நிகழ்ச்சிகளுக்குச் சுபம் கார்டு கிடையாது. 'ஹோல்ட்', அதாவது நிறுத்தி வை, என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

எங்களுடையது ஹோல்டுக்குப் போனது கொரோனாவால். 2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்பு நின்றது. பெரும்பாலான சீரியல்களுக்குக் கையிருப்பு பத்து நாள் எபிசோடுகூட இல்லை. 336 கட்டங்களும் பல்லிளித்தன. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் பழைய ராமாயணத்தைப் போட்டது. நாங்கள் சர்வரில் கிடந்த பத்து வருடத்துப் பழைய சீரியல்களைத் தூசி தட்டினோம். சினிமாவுக்கு உரிமைக்காலம் முடியும்வரை எத்தனை தடவை போட்டாலும் காசு ஒன்றுதான், அதனால் ஒரே படத்தை வாரத்துக்கு மூன்று முறை. ஜனங்கள் பார்த்தார்கள். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அங்கேதான் நிர்வாகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது, என்னைக் கேட்டால் தவறான பாடம். புதிதாக எதுவும் எடுக்காமலே சேனலை ஓட்டலாம் என்று தெரிந்துபோனது. மே மாதக் கடைசியில் 60 பேருக்கு மிகாமல் சீரியல் எடுக்கலாம் என்றார்கள். ஜூன் 19-இல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு, ஜூலையில் திரும்பவும் ஷூட்டிங். மஞ்சள் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சனிக்கிழமை ஆறரையில் நான் தற்காலிகமாகப் போட்ட காமெடித் தொகுப்பு அப்படியே தங்கிவிட்டது. அண்ணன் இரண்டு முறை போன் செய்தார். "மேல பேசிட்டு சொல்றேண்ணே" என்றேன். மூன்றாவது முறை செய்யவில்லை.

ஊரடங்குக்கு முந்தின வாரம் அவர்கள் பத்தமடைக்குப் போய்ப் பாய் நெய்கிறவர்களை எடுத்து வந்திருந்தார்கள். எடிட்டிங் முடிந்து, தரப் பரிசோதனையும் முடிந்து, ஒளிபரப்பாகாத எபிசோடாகச் சர்வரில் ஒரு எண்ணோடு கிடந்தது. எடுத்த வீட்டு அம்மா, "எப்ப வரும்?" என்று அண்ணனிடம் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தாராம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம்.

அடுத்த வருடம் ஒரு நாள் சாயங்காலம், மறுநாள் விடியற்காலை போகவேண்டிய படத்துக்கு உரிமை முடிந்துவிட்டது என்று சட்டப் பிரிவிலிருந்து போன் வந்தது. படத்தை எடுத்துவிட்டு, இருப்பதில் ஒரு சின்னப் படத்தை வைத்தேன். அது போக ஐந்தரை மணிக் கட்டம் ஒன்று மிஞ்சியது. சர்வரில் தேடினேன். பத்தமடை வந்தது. ஓட விட்டுப் பார்த்தேன். ஈரக் கோரை ஒன்றை அந்த அம்மா நகத்தால் நெருடிப் பார்த்து, கத்தி முனையால் கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்குகிறார். கேமரா ஒன்றரை நிமிடம் விரல்களை விட்டு நகரவே இல்லை. பின்னணி இசைகூடப் போடவில்லை அண்ணன்.

யாரையும் கேட்காமல் அந்தக் கட்டத்தில் வைத்தேன். காலிக் கட்டத்தை நிரப்பியதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "நல்லது தம்பி" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். அந்த அம்மா வீட்டில் இப்போது எங்கள் சேனல் வருவதில்லையாம். 2019 பிப்ரவரியில் வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துக் காசு கட்டலாம் என்ற முறை வந்ததல்லவா, மாசச் செலவைக் குறைக்க அவர்களும் சிலதை வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஐந்தேகாலுக்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தார்களாம். அடுத்த வியாழக்கிழமை தாளில் அந்தக் கட்டத்துக்கு நேரே பூஜ்யம்.