வேலியில்லா வயல்களின் ஊர்: லாக்ஸ்டன்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டனில் முதலில் பண்ணை வீடுகளைக் கவனியுங்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் அவை வயலுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும். இங்கே பெரும்பாலும் ஊர்த் தெருவை ஒட்டியே இருக்கின்றன. காரணம், ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இல்லை. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று பெரிய வயல்கள். மூன்றிலும் ஆளாளுக்கு நீளநீளமான துண்டுகள். இடையில் வேலி கிடையாது.

சுழற்சி மூன்று ஆண்டு. முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். அடுத்த ஆண்டு வசந்தத்தில் பார்லி போன்ற பயிர். மூன்றாம் ஆண்டு வயல் தரிசு; இப்போது அதில் புல்லும் வளர்க்கிறார்கள்.

வேலி இல்லாத நிலத்தில் சிக்கல் உழவில்தான் வரும். கலப்பை ஆண்டுக்கு ஒரு சால் தள்ளிப் போனாலும், சில ஆண்டுகளில் பக்கத்துத் துண்டோ பொதுப் பாதையோ குறுகிவிடும். இதைத் தடுக்க 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர் நீதிமன்றம் இன்றும் இயங்குகிறது. நவம்பர் கடைசிவாக்கில் அதன் ஜூரி (நடுவர் குழு), புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வரும். எல்லை மாறிய இடத்தில் மரமுளை அடித்து வைப்பார்கள். மீறியவருக்கு அபராதம். தொகை சிறிதுதான், ஆனால் விதிப்பவர்கள் கூடவே உழுகிற அண்டை வீட்டார். வயல்களை இத்தனை காலம் காப்பாற்றியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடெங்கும் இப்படிப்பட்ட திறந்த வயல்கள் தனித்தனி நிலங்களாகப் பிரிக்கப்பட்டு வேலிக்குள் போயின. இங்கே முக்கிய நில உரிமையாளர்கள் இருவர் ஒத்துப்போகாததால் அது முழுமையாக நடக்கவில்லை. 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த லாக்ஸ்டன் வரைபடத்தில் அன்றைய துண்டுகள் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். அதனால் இன்றைய எல்லைகளை அப்படியே அந்தப் படத்தில் தேடக் கூடாது. நிலம் 1952-இல் வேளாண் அமைச்சகத்திடமும், 1981-இல் கிரவுன் எஸ்டேட்டிடமும் (அரச உடைமைகளை நிர்வகிக்கும் அமைப்பு), 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணை நிறுவனத்திடமும் போனது. கோர்ட் லீட் தொடர்கிறது.

நடக்கப் போகிறவர்கள் 'சைக்'குகளைத் தவறவிடாதீர்கள். ஈரம் தேங்குவதால் உழவுக்கு ஆகாமல் விட்ட தாழ்வான புல்நிலங்கள் அவை. கலப்பை படாததால் காட்டுப்பூக்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே விளையும் தீவனப் புல்லை ஏலம் விடுவார்கள். பூப்பார்க்க வேண்டுமானால் அறுப்புக்கு முன், ஜூன் மாதத்தில் போங்கள்.