எண்ணைத் தூக்கிப் போட்டால் புத்தகம் கிடைத்துவிடுமா?

2007-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கிளை நூலகத்தை, புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க முதுகில் ஒட்டும் ட்யூயி எண்களே இல்லாமல் திறந்தார்கள். மரிகோபா கவுண்டியைச் சேர்ந்த பெர்ரி கிளை. சமையல், பயணம், வரலாறு என்று புத்தகக்கடையில் இருப்பது மாதிரி பலகைகள், அவ்வளவுதான். 2009-இல் கொலராடோவின் எனிதிங்க் நூலகங்களும் எண்ணைக் கைவிட்டன. இதைக் காட்டி, அவர்களே விட்டுவிட்டார்கள், 1876-இல் ட்யூயி என்ற அமெரிக்கர் போட்ட கணக்கை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

ட்யூயி மேல் எனக்கும் பாசம் எதுவும் கிடையாது. மதத்துக்கான 200 வரிசையைப் பாருங்கள்: 220 முதல் 280 வரை பைபிளும் கிறிஸ்தவமும், மிச்ச உலகம் மொத்தமும் 290-க்குள். இலக்கியத்தில் அமெரிக்காவுக்கு 810, ஆங்கிலத்துக்கு 820 என்று விசாலமான இடம், தமிழுக்கு 894.811. முக்கால்வாசித் தமிழ்க் கதைகளே இருக்கும் ஒரு கிளை நூலகத்தில் இதை அப்படியே பின்பற்றினால், ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அதே ஆறு இலக்கத்தை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். யாருக்கு என்ன லாபம்?

ஆனால் அதற்காகக் கடை முறைக்குப் போவதா? அந்தத் தலைப்புகளும் அமெரிக்கப் பதிப்பகத்தாரும் விற்பனையாளர்களும் தங்கள் வசதிக்காகப் போட்டுக்கொண்டவைதானே. கடையில் விற்காத புத்தகம் திரும்பிப் போய்விடும், நூலகத்தில் நாற்பது வருடத்துப் புத்தகமும் புதுசோடு சேர்ந்து நிற்கும். 'வரலாறு' என்று பலகை மாட்டி ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கினால், சோழர் பற்றித் தேடுகிறவர் அலமாரி முழுவதையும் மேய வேண்டும், 954.82 என்று போட்டிருந்தால் தமிழ்நாட்டு வரலாறாவது ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்த எரிச்சல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதனுக்கு எப்போதோ வந்துவிட்டது. கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ட்யூயியின் இறுக்கம் பிடிக்காமல், லண்டன் கடையொன்றில் பார்த்த, துண்டுகளைக் கோத்து உருவம் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானிலிருந்து யோசனை பிடித்து, 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். தஞ்சாவூர் நெல்லுக்கு வரும் நோய் என்றால் பயிர், நோய், ஊர் என்று துண்டு துண்டாக எடுத்துக் கோத்து எண் போடலாம். அவர் ஒரு முறையை உதறியது இன்னொன்றைக் கட்டுவதற்காக. அந்த எண்கள் நீளமாகி, பார்த்தாலே தலைசுற்றும் என்பதும் உண்மை, ஊருக்குள் கோலன் பெரிதாகப் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1931-இல் அவர் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதை வைத்தே முடிவு பண்ணலாம். சிறுவர் பகுதிக்கு எண்ணே வேண்டாம், படம் போட்ட பலகை போதும். நாவலுக்கும் சிறுகதைக்கும் ஆசிரியர் பெயர் வரிசை போதும், அங்கே 894.811-ஐக் கிழித்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. மற்ற எல்லாவற்றுக்கும் எண் முதுகில் இருக்கட்டும், அலமாரிக்கு மேலே அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, திரும்பி வந்த புத்தகங்களை மேசையில் குவித்து வைக்காமல் அன்றன்றைக்கே அலமாரியில் அடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். அந்த ஆள் இல்லாத இடத்தில் ட்யூயியும் ஒன்றுதான், கோலனும் ஒன்றுதான், கடைப் பலகையும் ஒன்றுதான்.