எல்லா சுவிட்சையும் ஒன்றாகப் போடாதீர்கள்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக, ஒளி, ஒலி, தொடுகை என்று பல புலன்களையும் தொடும் கருவிகளை வைத்த அறைதான் பல்புலன் அறை. அதைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லா சுவிட்சையும் போட்டுவிடுவார்கள். நீரில் குமிழி எழும் ஒளிரும் குமிழிக் குழாய், நிறம் மாறும் ஒளியிழைகள், சுவரில் நகரும் படங்கள், அதிரும் மெத்தை, கூடவே இசை. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். அறையைப் பயன்படுத்தும் பலருக்கோ அது வெறும் குழப்பம்.

இந்த வகை அறைகள் 1970களில் நெதர்லாந்தின் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தொடங்கின. ஹுல்செஹே, ஃபெர்ஹூல் என்ற இருவர் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். பாடம் இல்லை, இலக்கு இல்லை, வருபவர் இஷ்டப்படி இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். கருவிகள் வந்த வேகத்தில் அந்த எண்ணம் வரவில்லை என்பது என் கட்சி.

பேச்சு வராத ஐயா ஒருவர் எங்களிடம் வருவார். உள்ளே வந்ததும் குமிழிக் குழாயில் கன்னத்தை வைத்துக்கொள்வார். நிறம் பிடித்திருக்கிறது என்றே நினைத்தோம். விளக்கை அணைத்தாலும் அவர் அசையவில்லை. மோட்டாரை நிறுத்தியதும் விலகிவிட்டார். அவருக்கு வேண்டியது அந்த அதிர்வு. அப்புறம் மோட்டாரை ஒரு பெரிய பொத்தானோடு இணைத்து அவர் மடியில் வைத்தோம். அவர் கை பொத்தானுக்கு வர நிமிடக் கணக்கில் ஆகும். பக்கத்தில் இருப்பவருக்குக் கை துறுதுறுக்கும். பிடித்து அழுத்திவிட்டால் அது நம் விருப்பமாகிவிடும், அவருடையது அல்ல. ஒரு நாள் அவரே அழுத்தினார், குழாய் அதிர்ந்தது, திரும்பி என்னைப் பார்த்தார்.

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவோம்: மூச்சு, விரல்களின் இறுக்கம், முகம் திரும்பும் திசை. சிரிப்பை மட்டும் நம்பக் கூடாது. சிலர் பதற்றத்திலும் சிரிப்பார்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடையே வலிப்பு அதிகம். அதனால் மின்னி மறையும் விளக்கே வேண்டாம். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். வாசனை இன்னொரு தொல்லை. அணைக்க சுவிட்ச் கிடையாது, அடுத்து வருபவரும் அதையே முகர வேண்டும்.

அறைக்குள் கிடைக்கும் அமைதி வெளியே எவ்வளவு நேரம் தங்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. குடும்பத்தாரிடம் இதை மறைப்பதில்லை. வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பார்கள். முதலில் டிவியை அணைத்துவிட்டு, அவர் கை எதைத் தேடிப் போகிறது என்று ஒரு வாரம் பாருங்கள் என்பேன். சிலருக்கு ஏமாற்றம்தான்.